விதையை விட்டுவிட்டுப் பூச்சியைப் பேசாதீர்கள்

பருத்தியில் பூச்சி பெருகுவதற்கும் ரகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று வாதாடும் கட்டுரை ஒன்று சென்ற மாதம் ஒரு வேளாண் இதழில் வந்தது. எழுதியவர் பல ஆண்டுகள் துறையில் இருந்தவர். அவர் சொன்னால் ஊரில் நம்புவார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அப்போ எந்த விதைய வாங்கினாலும் ஒண்ணுதானாண்ணே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆவணியில் விதைக் கடைக்குப் போகிறவர் இந்தக் கட்டுரையை நம்பிப் போனால், தை மாதம் அதற்கு விலை கொடுப்பவர் கட்டுரையாளராக இருக்கமாட்டார்.

அவர் வாதத்தை அவர் வைத்தபடியே முதலில் சொல்லிவிடுகிறேன். பூச்சி காற்றில் வருகிறது, வெயிலிலும் மழையிலும் பெருகுகிறது. செடி அதற்கு வெறும் தீனி. எந்த ரகமானாலும் தீனி தீனிதான். பக்கத்துப் பக்கத்து வயலில் வேறு வேறு ரகம் போட்டாலும் இரண்டிலும் பூச்சி ஏறுகிறது, அதுவே சாட்சி. காய்ப்புழுவைப் பொறுத்தவரை, புழுவைக் கொல்லும் நச்சுப் புரத ஜீன் சேர்த்த பி.டி. பருத்தி வந்த பிறகு ஜீன் ஒன்றுதான் கணக்கு. அதைச் சுமப்பது எந்த ரகம் என்பது பொருட்டல்ல. நாட்டுப் பருத்தியைப் பற்றிய பேச்சு பழங்கதை. ஆகவே பூச்சி அழித்த வயல் என்றால் அது நேரத்துக்கு மருந்து அடிக்காதவர் வயல். அவர் கட்டுரை முடிவது இந்த இடத்தில்தான். முன்னால் சொன்ன அத்தனையும் இந்தக் கடைசி வரியைத் தாங்கிப் பிடிக்கவே எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொன்றாக எடுப்போம். முதலில் அந்தப் பக்கத்துப் பக்கத்து வயல்.

எங்கள் நிலம் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே காட்டில், ஒரே நாளில், நடுவில் ஒரு வரப்பு மட்டும் விட்டு இரண்டு ரகம் விதைத்தோம். ஒரே மழை, ஒரே உரம். ஐம்பதாம் நாள் வாக்கில் காலையில் இறங்கி, செடியின் மேல் அடுக்கு இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்து இலையின் அடிப்புறம் விரலுக்கு வழவழவென்று இருந்தது. அதில் இளம்பச்சை நிறத் தத்துப்பூச்சிக் குஞ்சுகள் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடி நரம்புக்கு அந்தப் பக்கம் ஒளிந்தன. ஓர் இலையில் எண்ணி முடிப்பதற்குள் கை நடுங்கி விட்டுவிடும் அளவுக்கு இருந்தன. இலை விளிம்பு மஞ்சளாகிக் கீழே வளைய ஆரம்பித்திருந்தது. வரப்பைத் தாண்டி அடுத்த ரகத்தின் இலையைத் திருப்பினால், நடு நரம்பை ஒட்டி அடர்த்தியாகச் சுணை. கன்னத்தில் தேய்த்தால் சொரசொரக்கும். சில இலைகளில் ஒரு குஞ்சு, இரண்டு குஞ்சு. பல இலைகளில் ஒன்றும் இல்லை. வளர்ந்த பூச்சி மட்டும் இரண்டு பக்கமும் பறந்துகொண்டிருந்தது.

கட்டுரையாளர் பார்த்தது அந்தப் பறக்கும் பூச்சியை. வரப்பில் நின்று பார்த்தால் அதுதான் தெரியும். பூச்சி ஏறுவது வேறு, குடும்பம் பெருக்குவது வேறு. காற்றில் வரும் பூச்சி எந்த வயலிலும் இறங்கும். இறங்கிய இடத்தில் முட்டை வைக்க முடிகிறதா, குஞ்சு பிழைக்கிறதா, எத்தனை நாளில் வளர்கிறது, வளர்ந்தது எத்தனை முட்டை இடுகிறது என்பதைச் செடிதான் முடிவு செய்கிறது. தத்துப்பூச்சி தன் முட்டையை இலை நரம்பின் சதைக்குள் செருகி வைக்கும். நீளமும் அடர்த்தியுமான சுணை அந்த இடத்தை மறித்துவிட்டால் முட்டை வைப்பது கடினம்; பொரித்த குஞ்சுக்கும் வாயை நரம்பில் வைத்துச் சாறு உறிஞ்சுவது கடினம். இலையைத் திருப்பிப் பார்க்காமல் ரகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதியது அவர் கட்டுரையின் முதல் பிழை. துறையில் இருந்தவர் செய்யக் கூடாத பிழை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரகத்தில் பூச்சி தலைமுறைக்கு மூன்று மடங்காகிறது, இன்னொன்றில் இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒரு பூச்சியில் தொடங்கினால் நான்காம் தலைமுறையில் ஒரு பக்கம் 81, இன்னொரு பக்கம் 16. கூடவே, எதிர்க்கும் ரகத்தில் மெதுவாக வளரும் புழு அதிக நாள் வெளியில் கிடக்கிறது. பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் குளவிக்கும் அதைப் பிடிக்க அத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. "கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் பொருட்படுத்தத் தக்கதல்ல" என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. வட்டிக் கடையில் கால் சதவீத வித்தியாசத்தைப் பொருட்படுத்தும் நாம், நான்கு தலைமுறை பெருகும் பூச்சியில் அதைத் தள்ளிவிட முடியுமா?

இது என் வயல் அனுபவம் மட்டும் இல்லை. நூறு ஆண்டுப் பழைய அறிவு. 1920களில் தென் ஆப்பிரிக்காவில் தத்துப்பூச்சியால் பருத்திச் சாகுபடியே நின்றுபோகும் நிலை வந்தது. டிரான்ஸ்வாலில் பார்பர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பார்னெல் என்ற அறிஞர் பிழைத்து நின்ற செடிகளைத் தேடித் தேடிப் பொறுக்கினார். பிழைத்தவை சுணை மிகுந்தவை. அவற்றிலிருந்து வந்த யு 4 என்ற ரகம் அங்கே பருத்தியை மீட்டது. வானிலை மாறவில்லை, பூச்சி மாறவில்லை, விதை மாறியது. 1951-ல் பெயின்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர், பயிர் பூச்சியை எதிர்க்கும் வழிகளை மூன்றாகப் பிரித்து ஒரு நூலே எழுதினார்: பூச்சி விரும்பாமல் விலகுவது, தின்றாலும் வளர முடியாமல் போவது, அடிபட்டாலும் செடி தாங்கி மீள்வது. பூச்சியியல் படிக்கும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம் இது. கட்டுரையாளரும் படித்திருப்பார். படித்ததை மறைத்து எழுதியதுதான் எனக்குக் கோபம்.

"தீனி தீனிதான்" என்ற வாதத்தைப் பருத்திச் செடியே மறுக்கிறது. ஒரு பருத்தி இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். அவை சுரப்பிகள், உள்ளே இருப்பது காசிபோல் என்ற நச்சுப்பொருள். கொட்டையிலும் அது உண்டு. எண்ணெயும் பிண்ணாக்கும் நச்சில்லாமல் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சுரப்பியே இல்லாத பருத்தியை உருவாக்கினார்கள். 1960களில் அதை வயலில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை பருத்தியைச் சீண்டாத வண்டுகள்கூட வந்து தின்றன. பக்கத்தில் சுரப்பியுள்ள பருத்தி அப்படியே நின்றது. செடிக்குள் ஒரு பொருளை எடுத்துவிட்டதும், பருத்தியை உணவாகவே மதிக்காத பூச்சிக்கு அது விருந்தாகிவிட்டது. தீனி எல்லாம் ஒன்று என்றால் இது எப்படி நடந்தது?

வானிலைக்கு வருகிறேன். வானிலைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. வறண்ட வெப்பத்தில் வெள்ளை ஈ பெருகும். மழை விட்ட மந்தாரத்தில் தத்துப்பூச்சி பெருகும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் சாறு உறிஞ்சும் பூச்சி எந்த ரகத்திலும் கூடும். ஆனால் வானிலை மட்டுமே காரணம் என்றால், 2015-ல் பஞ்சாபில் நடந்ததற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பதிண்டா, மான்சா, பாசில்கா பக்கம் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியது. மாநிலத்தின் பருத்தியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சேதம் என்று பேசப்பட்டது. மேல் மேலாக மருந்து அடித்தும் நிற்கவில்லை. அழிந்தவை பெரும்பாலும் பி.டி. வீரிய ஒட்டுகள். அதே மாவட்டங்களில், அதே வெயிலில், ஆங்காங்கே நாட்டுப் பருத்தி போட்டவர்கள் தப்பித்தார்கள். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் நாட்டுப் பருத்தி இனத்தைத் தொடுவதே இல்லை. இது பருத்தி ஆராய்ச்சியாளர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தாமதமாக விதைத்தது, தரமில்லாத மருந்து ஆகியவையும் அந்த அழிவில் சேர்ந்தன. எல்லாம் சேர்ந்த பின்பும், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பயிர் நின்றதையும் இந்தப் பக்கம் ஒன்று கருகியதையும் வானிலை விளக்காது.

இங்கே கட்டுரையாளர் குறுக்கே ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "சுணை உள்ள ரகத்தில் வெள்ளை ஈ அதிகம் வரவில்லையா?" வருகிறது. அது உண்மை. சுணை மிகுந்த இலை தத்துப்பூச்சியைத் தடுக்கும். வெள்ளை ஈக்கோ அது இதமான இடம். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் வழவழ இலையைவிடச் சுணை இலையில்தான் விரும்பி முட்டை வைக்கும். எல்லாப் பூச்சிக்கும் ஒரே ரகத்தில் விடை கிடையாது. ஆனால் இந்த உண்மையை வைத்து அவர் போய்ச் சேர்ந்த முடிவுதான் தலைகீழ். ஒரு பண்பு ஒரு பூச்சியைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறது என்றால், ரகத்துக்கும் பூச்சிக்கும் தொடர்பு இல்லை என்றா பொருள்? தொடர்பு அவ்வளவு ஆழமானது, எந்தப் பூச்சி நம் வயலை ஆளப்போகிறது என்பதையே விதை தீர்மானிக்கிறது என்று பொருள். 1980களின் நடுவில் ஆந்திரத்தில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களை வெள்ளை ஈ அழித்தபோது, புது மருந்துகள் அதை மேலும் பெருக்கின. குண்டூர் லாம் ஆராய்ச்சி நிலையம் காஞ்சனா என்ற எல்.கே. 861 ரகத்தைத் தந்தது. வெள்ளை ஈயைத் தாங்கும் ரகம் அது. ஆஸ்திரேலியாவில் வெண்டை இலை போலப் பிளவுபட்ட இலை கொண்ட பருத்தியை வளர்த்தெடுத்தார்கள்; செடிக்குள் வெயிலும் காற்றும் புகுவதால் சில பூச்சிகளுக்கு அங்கே வசதி குறைவு. ஹவாய்த் தீவின் காட்டுப் பருத்தி இலையில் தேன் சுரப்பி கிடையாது. அந்தப் பண்பைப் பயிர்ப் பருத்திக்குக் கொண்டுவந்து, தேன் குடிக்க வரும் பூச்சிகளைக் குறைத்தார்கள். ஊருக்கு எது பெரிய பகையோ அதற்கேற்ற விதையைத் தேடியவர்கள் இவர்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று இவர்களும் உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

அடுத்து பி.டி. கட்டுரையின் மிகத் தவறான பகுதி இதுதான். ஜீன் இருந்தால் போதும், அது எந்த ரகத்தில் இருந்தால் என்ன என்கிறார். நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.ஆர். கிராந்தியும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சந்தையில் இருந்த பி.டி. வீரிய ஒட்டுகளில் நச்சுப் புரதத்தின் அளவைச் செடியின் பல பாகங்களிலும், செடி வளர வளர அளந்தார்கள். ஒட்டுக்கு ஒட்டு அளவு வேறுபட்டது. இலையில் அதிகம்; புழு உண்மையில் துளைக்கும் பூவின் சூலகத்திலும் காயின் தோலிலும் குறைவு. வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, விதைத்து 110 நாளுக்குப் பின் புழுவைக் கொல்லப் போதாத அளவுக்கு இறங்கியது. ஜீன் ஒன்றுதான், அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது தாங்கிய செடியைப் பொறுத்தது. இருபது ஆண்டுக்கு முன் அச்சான முடிவை ஒரு வரியில் இல்லை என்று சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் கிடையாது. கட்டுரையில் தரவும் இல்லை.

இந்த 110 நாளை மனதில் வைத்துக்கொண்டு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பாருங்கள். நம் நாட்டில் பி.டி. பருத்தி 2002-ல் அனுமதி பெற்றபோது வீரிய ஒட்டாகவே வந்தது. பரவியதும் பெரும்பாலும் ஐந்து மாதம், ஆறு மாதம், தண்ணீர் கிடைத்தால் அதற்கு மேலும் நிற்கும் ஒட்டுகளாகத்தான். இளஞ்சிவப்புப் புழு பருவக் கடைசியின் பூச்சி. காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும். வெளியே அடிக்கும் மருந்து அதை எட்டாது. பருத்திதான் அதற்கு முக்கிய உணவு. செடி எத்தனை நாள் காய் தாங்கி நிற்கிறதோ அத்தனை தலைமுறை அது எடுக்கும். நச்சு குறைந்த செடியில், நீண்ட நாள், தலைமுறை தலைமுறையாகத் தின்றால் எதிர்ப்புச் சக்தி பெறாமல் என்ன செய்யும்? 2010-ல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜுனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் முதல் பி.டி.க்கு இந்தப் புழு எதிர்ப்புப் பெற்றுவிட்டதை விற்ற நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு ஜீன் கொண்ட இரண்டாம் பி.டி. 2006-ல் வந்தது, பத்தாண்டு முடிவதற்குள் அதிலும் புழு உயிரோடு கிடந்தது. 140, 150 நாளில் முடியும் ரகம் என்றால் அந்தக் கடைசித் தலைமுறைகளுக்குத் தீனியே இருக்காது.

இது நம் முன்னோருக்கும் தெரிந்த பாடம். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி விளைந்த மண்ணில் கம்போடியாப் பருத்தி வந்து, செடியை அறுவடைக்குப் பின்னும் வயலில் விட்டுவைக்கும் பழக்கம் பரவியபோது பூச்சி பருவம் விட்டுப் பருவம் தாவியது. சென்னை மாகாணம் 1919-ல் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ், குறித்த தேதிக்குள் கம்போடியாச் செடியைப் பிடுங்கியாக வேண்டும் என்று ஆணை பிறந்தது. எந்த ரகம், எத்தனை நாள் நிற்கும் என்பது பூச்சிக் கணக்கு என்று நூறு ஆண்டுக்கு முன்பே ஓர் அரசு சட்டம் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. 1967-ல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. புது ரகங்களைப் பூச்சிக்குக் காட்டிச் சோதிப்பதும், தத்துப்பூச்சிச் சேதத்தை ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை பிரித்துத் தரம் போடுவதும் நம் ஆராய்ச்சி நிலையங்களில் அன்றாட வேலை. ரகத்துக்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை என்றால் அந்தச் சோதனை வயல்கள் எதற்காக? அங்கே வெயிலில் குனிந்து இலை எண்ணியவர்கள் அத்தனை பேரின் உழைப்பையும் இந்தக் கட்டுரை ஒரே வரியில் தூக்கி எறிகிறது.

நாட்டுப் பருத்தி பற்றி. அதைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கருங்கண்ணியின் இழை குட்டை, காய் சிறிது, ஆலைக்காரர் தரும் விலை குறைவு. புள்ளிக் காய்ப்புழுவும் இளஞ்சிவப்புப் புழுவும் அதையும் தின்னும். ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சியை அது தாங்குவதும், வறட்சியில் நிற்பதும், வைரஸை மறுப்பதும் பழங்கதை இல்லை, பரம்பரைப் பண்புகள். எதிர்ப்பக்கம் சுவினைப் பாருங்கள். 1974-ல் கோவையில் வெளியான அந்த ரகத்தின் இழை உலகத் தரம். அதன் புகழுக்கு நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் நீண்ட நாள் நிற்கும், பூச்சிக்கு இடம் கொடுக்கும், மருந்துச் செலவு தின்றுவிடும். சாகுபடிப் பரப்பு சுருங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இழையை மட்டும் பார்த்துப் பூச்சியை மறந்தால் உலகத் தர ரகமும் விவசாயி வயலில் நிலைக்காது.

இனி அந்தக் கடைசி வரி. பூச்சி அழித்தால் அது மருந்து அடிக்காதவர் குற்றம் என்பது.

ஜீனைச் சுமந்து வந்த ஒட்டுகளில் பல சாறு உறிஞ்சும் பூச்சிக்குப் பலவீனமானவை. விதையில் பூசிய மருந்து அதைச் சில காலம் மறைத்தது. பூச்சி அந்த மருந்துக்கும் பழகிய பிறகு பலவீனம் வெளியே வந்தது. 2020-ல் கிராந்தியும் ஸ்டோன் என்பவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு, இந்தியப் பருத்தி விவசாயி அப்போது பூச்சிமருந்துக்குச் செலவிட்டது பி.டி. வருவதற்கு முன்பு செலவிட்டதைவிட அதிகம் என்று காட்டியது. மருந்து அடிக்காதவர்களா இவர்கள்? 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து அடித்து இருபது பேர் அளவில் இறந்தார்கள். தலைக்கு மேல் வளர்ந்த செடிக்கு நடுவே, முகத்துக்கு நேரே மருந்தைப் பீய்ச்சியபடி நடந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் அப்படி உயிர் போயிற்று. செடி எவ்வளவு உயரம் போகும் என்பதும் விதையில் இருப்பதுதான். அடித்தே இறந்தவர்கள் இருக்கும் நாட்டில், அடிக்காததுதான் குற்றம் என்று எழுத எப்படிக் கை வந்தது?

ரகத்தைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டே பேர்: வானமும் விவசாயியும். வானத்தைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே பழி விவசாயி தலையில் விழுகிறது. விதை விற்றவரை, அதற்கு அனுமதி தந்தவரை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். அந்தக் கட்டுரையின் நோக்கம் எதுவாக இருந்தாலும் அதன் விளைவு இதுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் போடுகிறார்கள், தூய்மை போடுகிறார்கள், காலாவதித் தேதி போடுகிறார்கள். அதே இடத்தில் இரண்டு வரி சேர்க்கட்டும்: இந்த ரகம் எத்தனை நாளில் முடியும், தத்துப்பூச்சிச் சேதத்தில் இது எந்த நிலை. சோதனை வயலில் எண்ணி வைத்த எண்தான். பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

என் வீட்டுக்கு வந்த இருவரிடமும் அன்று சொன்னது இதுதான். கடைக்குப் போகும் முன் ஊரைச் சுற்றி யார் என்ன ரகம் போட்டார்கள், எத்தனை தடவை மருந்து அடித்தார்கள், எந்த மாதம் செடியைப் பிடுங்கினார்கள் என்று கேளுங்கள். அடுத்த பருவத்தில் எந்த ரகத்தை நினைத்திருக்கிறீர்களோ அது இப்போது நிற்கும் வயலுக்குப் போய் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அவர்களில் இளையவர் அந்தப் பக்கத்தை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, இப்பவே போய்ப் பார்ப்போம்" என்றார். மூன்று பேரும் காட்டுக்கு நடந்தோம்.